உக்கிய வைக்கலும் ஒரு புரதமும்

மாரி கழிந்தபின் பழைய வைக்கற்போரின் அடிப்பாகத்தை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மேலே பொன்னிறமாக இருக்கும் போர், அடியில் கறுத்து, உள்ளே சூடேறி, புளித்த மணத்தோடு கிடக்கும். கையால் பிரித்தவுடன் சாம்பல் போன்ற ஒரு தூசி எழுந்து மூக்கை அடைக்கும். இரண்டு தும்மல் தும்மிவிட்டு வேலையைத் தொடர்வோம். பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, இற்றுப்போன கிடுகுகளை இறக்கியவர்களும் அந்தத் தூசியைச் சுவாசித்தவர்களே.

அது மண்தூசி அன்று. பூஞ்சணத்தின் வித்திகள் அவை. நமது பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் பங்கசு என்று படிக்கும் இனத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் அஸ்பெர்ஜிலஸ் என்னும் பூஞ்சணமே முக்கியமானது. அதன் வித்திகள் மிகச் சிறியவை. ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்குள் முந்நூறு வித்திகளை வரிசையாக அடுக்கிவிடலாம். இவ்வளவு சிறியனவாக இருப்பதால் மூக்கு மயிரிலும் தொண்டைச் சளியிலும் சிக்காமல் சுவாசப்பையின் ஆழம்வரை போய்விடுகின்றன. அதன் பெயருக்குப் பின்னால் ஒரு சுவையான செய்தி உண்டு. 1729இல் இப்பூஞ்சணத்தை உருப்பெருக்கியில் பார்த்துப் பெயரிட்டவர் மிக்கேலி என்னும் இத்தாலியக் குருவானவர். பூசையில் தீர்த்தம் தெளிக்கப் பயன்படும் கருவியின் தலைபோல அது தோன்றியதால், அக்கருவியின் இலத்தீன் பெயரையே அதற்குச் சூட்டினார்.

வயலில் வேலை செய்யாதவர்கள்கூட நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் இவ்வித்திகளைச் சுவாசிக்கின்றார்கள். நாமோ கூட்டுப்பசளைக் குழியைக் கிளறும்போது ஒரே மூச்சில் அதைவிடப் பன்மடங்கு உள்ளிழுக்கின்றோம். ஆயினும் நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் மிகச் சில பிள்ளைகள் இதே தூசியால் இறந்துபோகின்றார்கள். ஒரே காற்றைச் சுவாசிக்கும் இருவருக்கிடையில் இத்தனை பெரிய வேறுபாடு எப்படி வருகின்றது என்பதையே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகின்றோம். இது அரிய நோய்தான். ஆனாலும் அது வந்த வீட்டில் நடக்கும் அநியாயங்கள் அரியனவல்ல. அதனாலேயே இதற்கு இவ்வளவு பக்கங்களை ஒதுக்கினோம்.

கிணற்றுக்குப் போடும் மருந்து உடலுக்குள்ளும் உண்டு

நமது குருதியிலுள்ள வெண்கலங்களுள் ஒருவகை, காவலாளிகளைப் போன்றது. சுவாசப்பையில் விழுந்த வித்தி முளைத்து நூல்விடத் தொடங்கியதும் இக்கலங்கள் அங்கே விரைந்து செல்கின்றன. சிறிய கிருமியானால் விழுங்கிவிடும். நீண்ட பூஞ்சண நூலானால் சுற்றி வளைத்துத் தாக்கும். விழுங்கினால் மட்டும் போதாது, கொல்லவும் வேண்டும். அதற்காக இக்கலங்கள் நாம் சுவாசிக்கும் ஒட்சிசனையே எடுத்து நச்சாக மாற்றுகின்றன. முதலில் ஒட்சிசனின் உக்கிரமான ஒரு வடிவம் உண்டாகிறது. அதிலிருந்து ஐதரசன் பேரொட்சைட்டு உண்டாகிறது. அதாவது, புண் கழுவும்போது நுரைத்துப் பொங்கும் அந்த மருந்து. அதிலிருந்து இன்னும் கடுமையான ஒரு அமிலம் பிறக்கிறது. வெள்ளத்துக்குப் பின் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றில் குளோரின் தூளைக் கரைத்துவிட்டுப் போகிறாரே, அந்தத் தண்ணீரில் கிருமிகளைக் கொல்வதும் இதே அமிலந்தான். நமது உடல் இந்த மருந்தைத் தானே தயாரித்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு ஊற்றுகின்றது.

இந்த வேலையைச் செய்வது ஒரு நொதியம். முக்கியமாக ஐந்து புரதங்கள் ஒன்றுசேர்ந்தால்தான் அது இயங்கும். நீரிறைக்கும் இயந்திரத்தில் ஒரு வால்வு இல்லாவிட்டால் மற்றப் பாகங்கள் எல்லாம் புதிதாக இருந்தும் தண்ணீர் ஏறாது அல்லவா? அதுபோல இந்த ஐந்தில் ஒன்று பிறவியிலேயே இல்லாது போனாலும், அல்லது பழுதாக இருந்தாலும் நஞ்சு உண்டாவதில்லை. வெண்கலம் ஓடி வரும், கிருமியை விழுங்கும், ஆனால் கொல்லாது. கொல்லப்படாத கிருமியைச் சுற்றி மேலும் மேலும் கலங்கள் வந்து குவிந்து கட்டியாகத் திரளும். இத்தகைய திரட்சிகளை வைத்தே ஆங்கில வைத்தியம் இந்நோய்க்கு நாட்பட்ட கிரனுலோமா நோய் என்று பெயரிட்டுள்ளது. நாமும் இக்கட்டுரையில் அப்படியே அழைப்போம்.

ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1957இல் வைத்தியர்கள் நான்கு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். அடிக்கடி நெறிகட்டிச் சீழ்வைத்தல், சுவாசப்பை அழற்சி, ஈரல் வீக்கம். எந்த மருந்துக்கும் நிலையான குணம் கிடைக்கவில்லை. அக்காலத்தில் இந்நோயின் பெயரிலேயே ‘சாவுக்கு ஏதுவான’ என்ற சொல்லும் சேர்ந்திருந்தது. பின்னர் 1960களில்தான், இச்சிறுவர்களின் வெண்கலங்கள் கிருமியை விழுங்குகின்றன, ஆனால் கொல்லவில்லை என்பது ஆய்வுகூடத்தில் தெரியவந்தது. 1968இல் அதைக் கண்டறிய எளிய குருதிச் சோதனையும் வந்தது. மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைக் குருதியோடு சேர்ப்பார்கள். நல்ல வெண்கலங்கள் அதைக் கருநீலமாக்கிவிடும். இந்நோயாளரின் கலங்களில் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். 1986இல் இதற்குக் காரணமான பரம்பரையலகுகளில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பெயரிலிருந்த ‘சாவுக்கு ஏதுவான’ என்ற சொல் இன்று இல்லை. பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி, தொழில் செய்து, குடும்பமாக வாழ்கின்றார்கள். ஆனால் அது நோய் இன்னதென்று தெரிந்த வீடுகளில் மட்டுமே.

அமெரிக்கக் கணக்கின்படி ஏறத்தாழ இரண்டு இலட்சம் பிறப்புகளுக்கு ஒரு பிள்ளை இந்நோயுடன் பிறக்கிறது. இந்நோயாளருக்குப் பற்றீரியாக்களாலும் ஆபத்து உண்டு. எனினும் நீண்டகாலமாக அவர்களின் உயிரை அதிகம் பறித்தது அஸ்பெர்ஜிலஸ்தான். அது சுவாசப்பையில் வேர்விட்டு, சில வேளைகளில் நெஞ்சுச் சுவரையும் விலா எலும்பையும் முதுகெலும்பையும்கூடத் துளைத்துச் செல்லும். இதிலுள்ள கொடுமை என்னவென்றால், தொடக்கத்தில் பிள்ளை சுகமாக இருப்பதுபோலவே தோன்றும். காய்ச்சல்கூட இராமல், படம் எடுத்துப் பார்க்கும்போதே தெரியவரும் சந்தர்ப்பங்கள் உண்டு.

களத்திலிருந்து வைத்தியசாலைக்கு

விவசாயக் குடும்பங்களாகிய நாம் கட்டாயம் அறியவேண்டியது ஒன்றுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகத்து வைத்தியர்கள் 2007இல் ஒன்பது நோயாளரின் கதையை வெளியிட்டார்கள். எல்லோரும் நாட்பட்ட கிரனுலோமா நோய் உள்ளவர்கள். உக்கிய இலைகுழை, வைக்கல், தோட்டத்தில் மண்ணை மூடப் பரப்பும் மரத்தூள் முதலியவற்றைக் கிளறியபோது எழுந்த தூசியைச் சுவாசித்தவர்கள். பத்து நாட்களுக்குள் கடுங்காய்ச்சலும் மூச்சுத் திணறலும் அவர்களைப் படுக்கையில் தள்ளின. இரு பக்கச் சுவாசப்பைகளும் ஒருமிக்கப் பாதிக்கப்பட்டிருந்தன. பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்தை மட்டும் கொடுத்தால் போதாது, கட்டுக்கடங்காத அழற்சியைத் தணிக்க ஸ்டீரொயிட் மருந்தும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். இது தாமாகச் செய்யும் வைத்தியம் அன்று. ஆனால் “நேற்று முன்தினம் பசளைக்கிடங்கைக் கிளறினவன்” என்ற ஒரு சொல்லை வைத்தியரிடம் சொல்லாமல் விட்டால், சாதாரண நியூமோனியா என்று எண்ணிச் சாதாரண மருந்தே கொடுபடும்.

சூடடிக்கும் காலத்தில் நம்மில் பலருக்கு வரும் இருமலும் மூக்கடைப்பும் இந்நோயல்ல என்பதையும் சொல்லிவிடுகின்றோம். அது தூசியின் ஒவ்வாமை. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வதும், பூஞ்சணம் பிடித்த வைக்கலைச் சற்று நனைத்துப் பிரிப்பதும் எல்லோருக்கும் நல்லது. ஆனால் இந்நோயுள்ள பிள்ளைக்குத் துணி கட்டுவது போதாது. வைக்கற்போர், பசளைக்கிடங்கு, உமிக்குவியல், சருகு கூட்டுமிடம், பூட்டிக்கிடந்த வீட்டைத் துப்புரவாக்கும் இடம், பழைய சுவரை இடிக்கும் இடம் ஆகியவற்றுக்கு அப்பிள்ளை போகவே கூடாது. விளையாடவும் கூடாது. கூரை ஒழுகிச் சுவரில் கறுப்புப் படரும் அறையில் படுக்க விடவும் கூடாது. ஓர் ஓலைக்குடிலில் அல்லது தற்காலிகக் கொட்டிலில் வாழும் தாய்க்கு இதைச் சொல்வது எளிது, செய்வது எவ்வளவு கடினம் என்பதை நாம் அறிவோம். வீட்டுத்திட்டப் பட்டியல் தயாராகும்போது இப்படியான பிள்ளை உள்ள குடும்பத்தை முன்னுக்கு வைக்கும்படி வைத்தியரிடம் கடிதம் பெற்றுக் கிராம அலுவலரிடம் கொடுப்பது பெற்றோரின் உரிமை. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அடையாளம்

எல்லாப் பிள்ளைகளுக்கும் தடிமன் வரும், சிரங்கு வரும், வயிற்றாலடி வரும். முகாம் வாழ்க்கையில் இவை இரட்டிப்பாக வந்ததை நாமெல்லோரும் கண்டோம். அதற்காக ஒவ்வொரு பிள்ளையையும் இந்நோயாளி என்று சந்தேகிக்க வேண்டியதில்லை. சாதாரணத் தடிமன் போன்ற வைரசு நோய்களில் இப்பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே சுகமடைகின்றார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. வேறுபடும் இடம் சீழில்தான். கழுத்திலோ கமக்கட்டிலோ அரையிலோ நெறிகட்டிச் சீழ்வைத்து, வெட்டிவிட்டாலும் மீண்டும் வைப்பது. நியூமோனியா ஒருமுறை மாறி மறுமுறை வருவது. எலும்பில் சீழ் பிடிப்பது. ஈரலில் சீழ்க்கட்டி. இந்தக் கடைசி அடையாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் ஈரல் கட்டி என்றால் உடனே கள்ளுக் குடிப்பவர்களை நினைப்பார்கள், அதற்குக் காரணமும் உண்டு. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையின் ஈரலில் கட்டி வந்தால் அங்கே வேறு கேள்வி கேட்கப்படவேண்டும். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே நோய் வெளிப்பட்டுவிடும். சிலருக்கு மட்டும் இளைஞரான பின்பு தெரியவருவதுண்டு.

இன்னோர் அடையாளம் நமது நாட்டுக்கு முக்கியமானது. இங்கு பிள்ளை பிறந்ததும், வைத்தியசாலையை விட்டு வருமுன்பே, இடது புயத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி ஏற்றுகின்றார்கள். அதிலிருப்பது உயிருள்ள, ஆனால் வலுவிழக்கச் செய்யப்பட்ட கிருமி. வழமையாக ஒரு சிறு புண் வந்து தழும்பாக மாறும். இந்நோயுள்ள பிள்ளைக்கோ அப்புண் ஆறாமல் பெருக்கலாம், இடது கமக்கட்டில் நெறி பெரிதாகிச் சீழ்வடியலாம், கிருமி உடலெங்கும் பரவவும் கூடும். அதற்காக ஊசியை மறுக்கவேண்டாம். பி.சி.ஜி. ஊசி நமது பிள்ளைகளை மூளைக் காசத்திலிருந்து காக்கின்றது. ஆனால் குடும்பத்தில் ஏற்கனவே ஒரு பிள்ளைக்கு இந்நோய் இருந்தால், அடுத்த பிள்ளை பிறக்குமுன்பே குடும்பநல மாதிடமும் வைத்தியரிடமும் சொல்லிவிடவேண்டும். சோதனை முடியும்வரை அந்த ஒரு ஊசியை மட்டும் பிற்போடுவார்கள். சின்னமுத்து, போலியோ முதலிய வைரசுத் தடுப்பு மருந்துகளை இப்பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம்.

சோதனைக்குப் புதிய குருதி தேவை. கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் நிர்ப்பீடனவியல் பிரிவு இத்தகைய பிறவிக் குறைபாடுகளைச் சோதிக்கின்றது. பெற்றோர் நேரே அங்கு ஓடவேண்டியதில்லை. போதனா வைத்தியசாலையின் குழந்தை வைத்திய நிபுணர் ஊடாகவே இது நடக்கும்.

யாருடைய குற்றம்?

இனி, கட்டுரையின் தொடக்கத்தில் அநியாயம் என்று குறிப்பிட்டோமே, அதற்கு வருவோம்.

மேற்கு நாடுகளில் இந்நோயாளருள் மூன்றில் இரு பங்கினருக்கு, பழுது எக்ஸ் எனப்படும் நிறமூர்த்தத்தில் உள்ளது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்று. தாயின் இரண்டில் ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது ஈடுசெய்துவிடும். ஆகவே அவள் பெரும்பாலும் சுகதேகியாகவே இருப்பாள், தன்னில் இப்படி ஒன்று உண்டென்று அறியவும் மாட்டாள். மகனுக்குக் கிடைப்பது தாயின் இரண்டில் ஒன்றுதான். நல்லது கிடைத்தால் சுகம், பழுதானது கிடைத்தால் நோய். ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி. மகளுக்குப் பழுதானது கிடைத்தால், அவளும் தாயைப்போலக் காவியாவாள். தாயிடமும் இல்லாமல், கருவில் புதிதாக ஏற்படும் பழுதும் உண்டு.

இதை ஒரு கிளினிக்கில் விளக்கியவுடன் சில வீடுகளில் என்ன நடக்கும் என்பதை நாம் ஊகிக்கத் தேவையில்லை. “உன்ர வழியாலதான் என்ர பிள்ளையின்ர வம்சத்துக்கு இந்த வருத்தம் வந்தது” என்று மாமியார் சொல்வார். கணவன் பேசாமல் இருப்பான். பேசாமல் இருப்பதும் ஒரு பேச்சுத்தான். தாய் நேர்த்தி வைப்பாள், உபவாசம் இருப்பாள், தான் செய்த பாவம் எதுவென்று தேடித் தேடி மனம் நொந்துபோவாள். பிறவியிலேயே பார்வையிழந்த ஒருவனைக் காட்டி, இது யாருடைய பாவம் என்று சீடர்கள் கேட்டபோது ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை என்பதை யோவான் நற்செய்தி வாசித்தவர்கள் அறிவார்கள். கண்ணின் நிறத்தை எப்படி ஒருவர் தேர்ந்தெடுப்பதில்லையோ அப்படியே இதையும் எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. இது தொற்றும் நோயுமல்ல. ஒரே பாயில் படுக்கலாம், ஒரே கோப்பையில் குடிக்கலாம்.

மிகுதி மூன்றில் ஒரு பங்கினருக்குப் பழுது தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வருகின்றது. இருவரும் சுகதேகிகள், இருவரும் ஒரே பழுதைக் காவுபவர்கள். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள நாடுகளில், உதாரணமாகத் துருக்கியிலும் ஈரானிலும் அரபு நாடுகளிலும், இவ்வகையின் பங்கு மேற்கு நாடுகளைவிட அதிகம். மச்சான் மச்சாளை மணக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. சொந்தத்தில் செய்த எல்லாத் திருமணத்திலும் நோய் வரும் என்பதல்ல பொருள். பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகவே பிறக்கின்றார்கள். ஆனால் ஒரு பிள்ளைக்கு இந்நோய் வந்த வீட்டில், அடுத்த தலைமுறைக்கும் சொந்தத்துள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்குமுன் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

இதற்கு வட ஆபிரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. படர்தாமரை எவ்வளவு சாதாரணமான தோல் வருத்தம்! அதை உண்டாக்கும் பூஞ்சணம் தோலின் மேற்புறத்தைத் தாண்டுவதில்லை. ஆனால் அல்ஜீரியா, துனீசியா, மொரோக்கோ நாடுகளில் எட்டுக் குடும்பங்களைச் சேர்ந்த 17 பேரில் அதே பூஞ்சணம் தோலைத் துளைத்து உள்ளே இறங்கி, நெறிகளையும், சிலரில் எலும்பையும் மூளையையும்கூட அடைந்தது. நால்வர் இறந்தனர். 2013இல் காரணம் தெரிந்தது. பூஞ்சணம் வந்துவிட்டது என்ற செய்தியைக் கலத்துக்குள் கடத்தும் கார்ட்-9 என்னும் புரதம் அவர்களிடம் பழுதாக இருந்தது. முன்பு சொன்னது ஆயுதம் இல்லாத காவலாளியின் கதை. இதுவோ சேவல் கூவாத வீட்டின் கதை. அக்குடும்பங்களில் பல, உறவுக்குள் மணம் செய்தவை.

மருந்தும் துண்டும்

நாட்பட்ட கிரனுலோமா நோய்க்குத் தினமும் எடுக்கும் மருந்துகள் உண்டு. பற்றீரியாவுக்கு எதிராகக் கோ-ட்ரைமொக்சசோல், பூஞ்சணத்துக்கு எதிராக இற்றாகொனசோல். 2003இல் வெளிவந்த ஆய்வொன்றில் 39 நோயாளருக்கு ஓராண்டு இற்றாகொனசோலும் மறு ஆண்டு வெறும் மாத்திரையுமாக மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வெறும் மாத்திரை எடுத்த காலத்தில் ஏழு பேருக்குக் கடும் பூஞ்சணத் தொற்று வந்தது. மருந்து எடுத்த காலத்தில் ஒருவருக்கு மட்டும். அந்த ஒருவரும் மருந்தை ஒழுங்காக எடுக்காதவர். சுகமாக இருக்கும் பிள்ளைக்கு ஏன் மருந்து என்று இடையில் நிறுத்திவிடும் பெற்றோருக்கு இதைவிட நாம் சொல்ல ஒன்றுமில்லை. பொருத்தமான ஒருவரின் எலும்புமச்சையை மாற்றுவதன்மூலம் நோயையே நீக்கவும் முடிகின்றது. அது செலவும் ஆபத்தும் உள்ள சிகிச்சை, எல்லோருக்கும் கிட்டுவதுமில்லை. மாத்திரையோ கிட்டக்கூடியது.

இடம்பெயர்ந்தவர்கள் இழந்தவற்றுள் கிளினிக் கொப்பியும் ஒன்று. உறுதியும் பிறப்புச் சான்றும் போனதைப் பற்றிப் பேசுகின்றோம், பிள்ளைக்கு எப்போது நெறி வெட்டினார்கள் என்ற துண்டு போனதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒவ்வொரு புதிய வைத்தியசாலையிலும் பிள்ளை புதிய நோயாளியாகிறது, ஒவ்வொரு சீழ்க்கட்டியும் முதலாவது கட்டியாகிறது. ஆகவே ஒரு கொப்பியில் நீங்களே எழுதுங்கள்: எந்த வயதில், உடலின் எந்த இடத்தில், எத்தனை நாள், எந்த வைத்தியசாலையில். எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் மூத்த பிள்ளை எழுதட்டும்.

குடும்பத்தின் நினைவும் இப்படியே சிதறிக் கிடக்கின்றது. தாயின் சகோதரனோ, தாயின் தாய்மாமனோ சிறு வயதில் காய்ச்சலும் கட்டியுமாக இருந்து இறந்திருந்தால், அது வைத்தியருக்குப் பெரிய தடயம். அதை அறிந்தவர் அம்மம்மா. அவர் இப்போது கனடாவிலோ பிரான்சிலோ, தமிழ்நாட்டு முகாமிலோ இருக்கலாம். வெட்கத்தால் அவர் இதுவரை மகளிடம் சொல்லாமலும் இருந்திருக்கலாம். அடுத்த முறை தொலைபேசி எடுக்கும்போது கேளுங்கள்: உங்களுக்குப் பிறந்து தவறிப்போன ஆண்பிள்ளைகள் உண்டா, என்ன வயதில், என்ன வருத்தத்தால்? அவர் சொல்வதை அந்தக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி, கிளினிக்குக்குப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.